யாருக்காக அந்த இடம்?

கொடுப்பதற்குப் போதிய பொருள் இல்லாதபோதுதான் நியாயம் என்னும் சொல்லுக்கு வேலை வருகிறது. எல்லோருக்கும் நிறையப் பரிமாறும் பந்தியில் யாருக்கு முதலில் என்ற வினா எழுவதில்லை. பாதிப் பேருக்குத்தான் சோறு உண்டு என்று தெரிந்துவிட்டால், பரிமாறுகிறவர் எந்த வரிசையில் தொடங்குகிறார் என்பதை எல்லாக் கண்களும் கவனிக்கின்றன. கொரோனா பெருந்தொற்றின்போது இங்கிலாந்து அரசுக்கு இப்படிப்பட்ட பரிமாறும் பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அங்கே பரிமாற வேண்டியிருந்தது சோறு அல்ல. பள்ளியில் ஓர் இடம்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலையுடன் அந்நாட்டின் பள்ளிகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூடப்பட்டன. ஆனால் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. இரு வகையினருக்கு அது திறந்தே இருந்தது. சமூக நலப் பணியாளரின் கண்காணிப்பில் உள்ளவர்கள், சிறப்புக் கல்வித் தேவை உடையவர்கள் முதலிய நலிந்த நிலையிலுள்ள குழந்தைகள் ஒரு வகை. இன்றியமையாப் பணிகளில் உள்ள பெற்றோரின் குழந்தைகள் மற்றொரு வகை. அந்தப் பணிகள் எவை என்று எட்டுத் துறைகளாகப் பிரித்து அரசு ஒரு பட்டியலை வெளியிட்டது. மருத்துவர், செவிலியர், காவலர் ஆகியோர் அதில் இருந்ததில் வியப்பில்லை. உணவுப்பொருள்களை உற்பத்தி செய்பவர், விற்பவர், கொண்டு சேர்ப்பவர், குடிநீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர், இறந்தோருக்கு இறுதிக் காரியம் செய்பவர் எனப் பலரும் அதில் இடம்பெற்றனர். சம்பளப் பட்டியலில் அடியில் இருந்த பலர் ஒரே வாரத்தில் இந்தப் பட்டியலின் மேலே வந்துவிட்டார்கள். ஒரு சமுதாயம் யாரால் நிற்கிறது என்பதை அது தானே எழுதிப் பார்த்துக்கொண்ட அரிய தருணம் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி வினாவுக்கு வருவோம். அந்த இடம் ஏன் அவர்களுடைய குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது? 'நமக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள், இதுகூடச் செய்ய வேண்டாமா?' என்பதே பலரும் சொன்ன விடை. இது நன்றியின் மொழி. உயர்ந்த மொழிதான். ஆனால் அரசின் ஏற்பாட்டுக்கு அடிப்படை அது அன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு செவிலியர் வீட்டில் தங்கிவிட்டால், அந்த மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கு யார் துணை? அந்த நோயாளியை எண்ணித்தான் குழந்தைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கூர்ந்து நோக்கினால், அந்த இடத்தின் பயனை அடைகிறவர் குழந்தையும் அல்லர், தாயும் அல்லர். இருவருக்கும் முன்பின் தெரியாத ஒருவர்.

இந்த இரண்டு விளக்கங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நடைமுறையில் பிரிந்து நிற்கின்றன. ஒரு செவிலியர் இரண்டு வாரம் விடுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடம் நன்றிக்கான பரிசு என்றால், விடுப்பிலும் அது அவருடைய குழந்தைக்கு உரியது. கொடுத்த பரிசை யாரும் திரும்பக் கேட்பதில்லை. பணி நடப்பதற்கான ஏற்பாடு என்றால், அந்த இரண்டு வாரமும் குழந்தை வீட்டில் இருப்பதே முறை. அதே போல, பட்டியலிலுள்ள துறையில் பணியாற்றினாலும் வீட்டிலிருந்தே கணினியில் வேலையை முடிக்கக்கூடியவருக்கு, அல்லது கணவனோ மனைவியோ வீட்டில் இருப்பவருக்கு, அந்த இடத்தில் என்ன உரிமை?

முதல் அடைப்பின்போது இவ்வினா பெரிதாக எழவில்லை. அச்சமே அதற்குக் காரணம். பள்ளிக்கு அனுப்புவது குழந்தையை ஆபத்தில் தள்ளுவதாகும் என்று பலர் கருதினார்கள். உரிமை உள்ளவர்களே அனுப்பத் தயங்கினார்கள்; நூற்றுக்குச் சில குழந்தைகளே வந்தனர். 2021 ஜனவரியில் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டபோது நிலை தலைகீழாக மாறிவிட்டது. வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலையும் பார்த்த பெற்றோர் களைத்திருந்தனர். குழந்தைகள் இழந்த கல்வியும் தோழமையும் கண்கூடாகத் தெரிந்திருந்தன. பெற்றோரில் ஒருவர் பட்டியலில் இருந்தால் போதும் என்பது விதி. தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் வந்தார்கள். சில பள்ளிகளில் அதைவிட மிக அதிகம். முந்தைய ஆண்டு சுமையாகத் தெரிந்த அதே இடம் இப்போது சலுகையாகத் தெரிந்தது. அதே பள்ளி, அதே விதி. மனிதருடைய விருப்பம் மாறியதும் நியாயத்தின் முகமும் மாறியது. யாரும் விரும்பாத பொருளைப் பங்கிடுவதில் எவருக்கும் வழக்கு இல்லை அல்லவா?

அந்த இடத்துக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அதை வெறும் இருக்கைக் கணக்காக எண்ணிவிடக் கூடாது. வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, என் குழந்தை உட்கார்ந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்க முடியாது. பள்ளியைச் சுருக்கியதே மனிதர் கூடுவதைக் குறைப்பதற்காக. கூடுதலாக வரும் ஒவ்வொரு குழந்தையும் தொற்று பரவும் வழியைச் சற்று அகலமாக்குகிறது. எனவே தேவையின்றி எடுத்துக்கொண்ட இடத்தின் விலையை எங்கோ ஒரு முதியவர் கொடுக்க நேரலாம். ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். செவிலியரின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியை வருகிறார். அவருடைய குழந்தையை வேறொரு பள்ளியில் இன்னோர் ஆசிரியை பார்த்துக்கொள்கிறார். இச்சங்கிலியில் ஒருவர் தமக்கு வேண்டியதற்கு மேல் இழுத்தால், பாரம் கடைசிக் கண்ணி வரை செல்கிறது.

குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் அவ்வாறே செய்யுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. முடிகிறதா, இல்லையா என்பதை யார் சோதிப்பது? பணிச் சான்றைத்தான் தலைமையாசிரியரால் கேட்க முடியும். வீட்டில் பாட்டி இருக்கிறாரா, வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதெல்லாம் பெற்றோர் மட்டுமே அறிந்தவை. சில பள்ளிகள் பெற்றோர் இருவரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று தாமாகவே நிபந்தனை வைத்துப் பார்த்தன. அதனால் மனக்கசப்பே மிஞ்சியது. சட்டம் ஓர் எல்லை வரைதான் கூட வரும், அதற்கப்பால் மனசாட்சி தனியாக நடக்க வேண்டும் என்று நூல்களில் படித்திருக்கிறோம். ஒரு மின்னஞ்சல் படிவத்தை நிரப்பும் சாதாரணத் தாய் தந்தையர் அந்த எல்லையில் நிற்க நேர்ந்தது.

இதுவரை பெற்றோரைப் பற்றியே பேசினோம். குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் என்ன? தந்தை மருந்துக் கடையில் வேலை செய்கிறார் என்பதற்காக ஒரு குழந்தைக்குப் பள்ளி. தந்தை முடிதிருத்துபவர் என்பதற்காக இன்னொரு குழந்தைக்கு இல்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்கும் செயல் எதையும் இரு குழந்தைகளும் செய்யவில்லை. பள்ளியில் நடந்தது பெரும்பாலும் வீட்டிலிருந்த குழந்தைகள் கணினி வழியே பெற்ற அதே பாடந்தான் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த அறையில் வெளிச்சமும் அமைதியும் இருந்தன, கணினி இருந்தது, மதிய உணவு இருந்தது, பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்தது. இந்த ஐந்தும் இல்லாத ஒற்றை அறை வீட்டில், வேலையிழந்த பெற்றோருடன் அடைபட்டிருந்த குழந்தைக்கு அவற்றின் அருமை தெரியும். 2021 ஜனவரியில், கணினியோ படிக்க அமைதியான இடமோ இல்லாத குழந்தைகளையும் நலிந்தோர் வகையில் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி நெகிழ்ந்தது. அந்த ஏற்பாட்டிலேயே மிக நியாயமான வரி அதுதான் என்பது என் கருத்து. தந்தை தாயரின் தொழிலைக் கேளாமல் குழந்தையையே நேராகப் பார்த்த வரி அது.

அதனால் தொழில்வழி ஒதுக்கீடு தவறு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. செவிலியர் வராத மருத்துவமனையில் ஏழைக் குழந்தையின் பாட்டியும் படுத்திருப்பார். பயனைக் கருதிய ஏற்பாட்டில் குறை இல்லை. அதற்கு நன்றி என்று பெயர் சூட்டியதால் வந்ததே குழப்பம். இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளுக்குச் சென்ற தாய்மாருக்காகப் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்கள் திறக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. தாய்மாரின் தேவை அப்படியேதான் இருந்தது. நாட்டின் தேவைதான் முடிந்திருந்தது.

நம் நாட்டில் இந்த வினா வேறு வடிவில் வந்தது. இங்கே பள்ளிகள் ஏறத்தாழ எல்லோருக்குமே மூடப்பட்டன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடக்க வகுப்புக் குழந்தைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி வாசலை மிதித்தார்கள். வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுத்த ஆஷா பணியாளரின் குழந்தைக்கும், விடியுமுன் தெருவுக்குப் போன தூய்மைப் பணியாளரின் குழந்தைக்கும் நாடு தழுவிய தனி ஏற்பாடு எதுவும் இல்லை. பாட்டியோ அண்டை வீட்டாரோதான் துணை. சமமாக மூடிய கதவு சமத்துவம் ஆகிவிடுமா என்று இங்கிலாந்துக்காரர் நம்மைத் திருப்பிக் கேட்கலாம்.

நன்றியின் வழியில் நாமும் ஒன்று செய்தோம். கொரோனா பணியில் உயிரிழந்தோரின் பிள்ளைகளுக்கென 2020-21 கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஐந்து இடங்களை மத்திய அரசு ஒதுக்கியது. நாடு முழுமைக்கும் ஐந்து. அதுவும் நீட் தேர்வின் தரவரிசைப்படி. அங்கே கைம்மாறு என்ற எண்ணம் உண்மையானது. ஆனால் இழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நடுவில் அது ஓர் அடையாளமாகவே நின்றது.

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அடிக்கடி இடமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் குழந்தைகளுடைய படிப்பு இடையில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக 1960-களின் தொடக்கத்தில் அவை தோன்றின. பெற்றோர் எத்தனை முறை இடமாற்றம் பெற்றார் என்பதைக் கொண்டு முன்னுரிமை கணக்கிடுவார்கள். பெற்றோரின் பணியால் குழந்தைக்கு நேரும் துன்பத்தையே அளவுகோலாக்கிய முறை இது. பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகளைப் பரிந்துரைக்கும் வழக்கமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அங்கே கேட்கப்பட்டது குழந்தையின் தேவையா, தந்தையின் அறிமுகமா என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். 2022-இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. அதே ஆண்டின் சேர்க்கை விதிகளில், பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு வகுப்பின் எண்ணிக்கைக்கு மேலாக இடம் தரலாம் என்று சேர்க்கப்பட்டது. இறந்த தந்தை மருத்துவரா, தள்ளுவண்டிக்காரரா என்று அந்த விதி கேட்கவில்லை.