கர்ப்பிணிக்கு விரதம் கடனா?

பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்கள், வெள்ளியில் திறக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரி அந்நாட்களில் விரதமென்று பட்டினி கிடக்கத்தான் வேண்டுமா? லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம்களுக்கு மார்க்கச் சட்டமே வழி சொல்கிறது: தனக்கோ சிசுவுக்கோ தீங்கு வருமென அஞ்சும் கர்ப்பிணி ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை வணங்கும் கத்தோலிக்கருக்கும் தவக்கால உண்ணாநோன்பில் கர்ப்பிணிக்கு விலக்கு உண்டு. இந்து விரதங்களுக்கு ஒரே சட்டம் கிடையாது. பல வீடுகளில் மாமியார் சொல்தான் சாத்திரம்.

விரதம் தன்னை ஒடுக்குவது. கர்ப்பிணியின் பசியோ அவளுடையது மட்டுமல்ல. பிறக்காத உயிரின் பங்கையும் நேர்ந்துவிட அவளுக்கு உரிமை இல்லை. மரபும் அவளை உண்ணத்தான் சொல்கிறது: வளைகாப்பில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஊட்டுவதே சடங்கு. அரசின் சமுதாய வளைகாப்பிலும் கலவைச் சாதம் உண்டு. கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை 180 நாள். விரத நாளிலும் அதற்கு விடுப்பில்லை.