எண்ணுவதும் எடைபோடுவதும்

ஒரு சமயத்தின் தன்மையை அதன் உட்பிரிவுகளின் தொகையைக் கொண்டு அளந்துவிடலாம் என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் காணப்படுகின்றது. "கிறிஸ்தவர் ஒரே வேத நூலைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்து மூவாயிரம் சபைகளாகப் பிரிந்து கிடக்கின்றனர், உண்மை ஒன்றாயின் இத்தனை பிரிவு ஏன்?" என்று வினவுவது வழக்கமாகிவிட்டது. கத்தோலிக்கர் புராட்டஸ்டண்டுகளை நோக்கி இவ்வாறு வினவுகின்றனர். எச்சமயமும் வேண்டா என்போர் கிறிஸ்தவர் அனைவரையும் நோக்கி வினவுகின்றனர். நம்மவரிலும் சிலர் இதனை எளிதிற் கிடைத்த ஆயுதமாகக் கொள்வதுண்டு. பிறர் குறையை எடுத்துரைக்கும்போதும் பொய் கலவாது உரைத்தல் நம் கடமையாகும். ஆதலின் அன்பர்களே, இவ்வெண் எங்கிருந்து வந்தது, அது எதனை எண்ணுகின்றது, எண்ணி முடித்த பின்னர் அதனால் நிறுவப்படுவது யாது என்பவற்றை ஆராய்வோம்.

பிரிவினையைக் காட்டிச் சமயத்தைப் பழிக்கும் வாதம் புதியதன்று. 1517ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்துத் தொண்ணூற்றைந்து கூற்றுகளை வெளியிட்டார். அதன்பின் மேற்றிசைக் கிறிஸ்தவம் பிளவுறலாயிற்று. 1529இல் ஸ்பையர் நகரிற் கூடிய பேரரசின் மன்றத்தில், பெரும்பான்மையோர் தீர்மானத்தை ஏற்க மறுத்து லூதரின் ஆதரவாளரான சிற்றரசரும் நகரத்தாரும் எதிர்ப்புரை வழங்கினர். 'புராட்டஸ்டண்டு' என்னும் பெயர் அதனால் உண்டாயிற்று. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் மார்பர்க் கோட்டையில் லூதரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் சந்தித்தனர். பதினைந்து பொருள்களுள் பதினான்கில் இருவரும் உடன்பட்டனர். திருவிருந்தின் அப்பத்திலும் திராட்சை இரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே உள்ளனவா என்னும் ஒன்றில் மட்டும் உடன்பாடு காணாது பிரிந்தனர். பெயர் பிறந்த ஆண்டிலேயே பிளவும் பிறந்தது. 1688இல் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்க ஆயர் பொசுவே, இத்தகைய மாறுபாடுகளையே பொருளாகக் கொண்டு ஒரு வரலாற்று நூல் எழுதினார். அவர் வாதம் கொள்கை மாறுபாட்டைப் பற்றியது. பெருந்தொகை ஒன்றைக் காட்டி வாயடைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது.

அத்தொகைக்கு மூலமானவர் டேவிட் பேரட் என்னும் ஆங்கிலேயர். விமானப் பொறியியல் துறையிலிருந்து விலகி, ஆங்கிலிக்கன் குருவாகிக் கென்யா நாட்டில் தொண்டு செய்தவர். ஆப்பிரிக்காவின் ஏறத்தாழ ஆறாயிரம் சமய இயக்கங்களை ஆராய்ந்து 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். 1982இல் அவர் தொகுத்த உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதில் சபைகளின் தொகை ஏறத்தாழ 20,800 எனக் கூறப்பட்டது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது ஏறத்தாழ 33,800 ஆயிற்று. அவர்வழி வந்த ஆராய்ச்சியாளரின் அண்மைக் கணக்கோ 45,000 அளவிற் சென்று நிற்கின்றது.

இத்தொகையைப் பிரித்துப் பார்ப்போர் வியப்புறுவர். 2001ஆம் ஆண்டுக் கணக்கில் புராட்டஸ்டண்டுச் சபைகள் என்னும் தலைப்பின்கீழ் உள்ளவை ஏறத்தாழ 9,000. எம்மரபோடும் சேராது தனித்து இயங்குவன ஏறத்தாழ 22,000. பொதுக் கொள்கைக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்டவை ஏறத்தாழ 1,600. கிழக்குத் திசை ஆர்த்தடாக்ஸ் சபைகள் 781. ஆங்கிலிக்கன் சபைகள் 168. ரோமன் கத்தோலிக்கச் சபைகள் 242. பாப்பரசர் ஒருவர் கீழ் நிற்கும் ஒரே திருச்சபை 242 ஆனது எங்ஙனம்? சபை என்பதற்குப் பேரட் வகுத்த இலக்கணமே காரணம். ஒரு நாட்டின் எல்லைக்குள் அமைப்பாக இயங்குவது ஒரு சபை என்பது அவர் முறை. அதே சபை பத்து நாடுகளில் இருப்பின் அது பத்தாகும். அவர் எண்ணிய நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் 238. எந்நாட்டில் எத்தனை சபைகள் உள்ளன என்றறிய விரும்புவோர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். 'கிறிஸ்தவர் எத்தனை கொள்கைகளாற் பிரிந்துள்ளனர்?' என்னும் வினாவிற்கு இது விடையாகாது. ஓர் ஊரில் உள்ள அடுப்புகளை எண்ணிவிட்டு, இத்தனை குடும்பச் சண்டைகள் நிகழ்ந்தன என்று ஒருவன் கூறுவானாயின் அதனை யார் ஏற்பர்?

ஆகவே முப்பத்து மூவாயிரம் என்னும் எண்ணைப் புராட்டஸ்டண்டுகள் மீது எறியும் கத்தோலிக்கர், அதே கணக்கின்படி தாமும் 242 என்பதை ஒப்புதல் வேண்டும். 'நாங்கள் சில பெரு மரபுகளே. மற்றவையெல்லாம் கணக்கின் மயக்கம்' என்று விடையிறுக்கும் புராட்டஸ்டண்டும் முழு உண்மையைக் கூறினாரல்லர். பாப்டிஸ்டு மரபில் ஊர்ச்சபை ஒவ்வொன்றும் தன்னைத் தானே ஆண்டுகொள்வது. அவ்வூர்ச்சபைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் தொகை மலைபோல் வளரும். அவை சேர்ந்த கூட்டமைப்புகளை எண்ணினால் மிகச் சுருங்கும். எண்ணுபவர் எந்த அளவுகோலை எடுத்தாரோ அதற்கேற்ற விடையே கிட்டும்.

இனி, தொகை வேறு பிளவு வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆந்திர லுத்தரன் சபை, ராஞ்சியின் காஸ்னர் சபை, ஆர்க்காடு லுத்தரன் சபை எனப் பல லுத்தரன் சபைகள் இந்தியாவில் உள்ளன. இவற்றைப் பிரித்தது கொள்கைப் பூசலன்று. ஜெர்மானியர், அமெரிக்கர், டேனிஷ்காரர் எனப் பல நாட்டு மிஷனரிமார் பல பகுதிகளிலும் பல மொழிகளிலும் பணி செய்தமையே காரணம். மறுபுறம், மார்பர்க்கில் லூதரையும் சுவிங்லியையும் பிரித்த திருவிருந்துப் பூசலைப் பாருங்கள். 1973இல் சுவிட்சர்லாந்தின் லாயன்பர்க் என்னுமிடத்தில் ஐரோப்பிய லுத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் ஓர் உடன்படிக்கை கண்டன. பண்டைக் கண்டனங்கள் இன்று தம்முள் பொருந்தா என அறிவித்து, ஒருவர் விருந்தில் மற்றவர் பங்கேற்க இசைந்தன. 444 ஆண்டுப் பிணக்கு தணிந்தது. அதற்காகக் கணக்கில் ஒரு சபையேனும் குறைந்ததோ? இல்லை. பிணக்கற்ற இடத்திலும் தொகை மிகுதல் உண்டு. பிணக்குத் தீர்ந்த பின்னும் தொகை குறையாதிருத்தல் உண்டு.

'அங்ஙனமாயின் பிரிவினை குற்றமே அன்றா?' என்று வினவலாம். குற்றமான பிரிவினை நிரம்ப உண்டு. சொத்தும் தலைமையும் காரணமாகப் பிரிந்துவிட்டு, வேத வசனத்தைக் காரணம் காட்டுவோர் எந்நாட்டிலும் உளர். கிறிஸ்தவரே இதனைக் குற்றமென ஒப்பியுள்ளனர். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் கிறிஸ்தவத் தலைவர்கள், மேனாட்டிற் பிறந்த பிரிவுகள் தம்மீது வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விடுத்தனர். 28 ஆண்டு முயற்சிக்குப்பின், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூவகையாரும் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். இது போற்றத்தக்க செயலே. ஆயினும் 'பிரிவெல்லாம் தீது, இணைப்பெல்லாம் நன்று' என்று பொதுவிதி செய்துவிடலாகாது. ஏன் என்பதை அமெரிக்க மெதடிஸ்டுகளின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா நகரின் மெதடிஸ்டு ஆலயம் ஒன்றில் நீக்ரோ மக்கள் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்தனர். வேண்டுதல் முடியுமுன்னரே, அவ்விடம் அவர்க்குரியதன்று எனக் கூறி அவருள் ஒருவரைப் பற்றி இழுத்து எழுப்பினர் ஆலய அதிகாரிகள். அடிமையாய்ப் பிறந்து தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்துப் பெற்ற ரிச்சர்டு ஆலன் அக்காட்சியைக் கண்டார். அனைவரும் ஒருங்கே வெளியேறினர். 1816இல் ஆலன் தலைமையில் ஆப்பிரிக்க மெதடிஸ்டு சபை தனிச்சபையாயிற்று. கணக்கில் ஒன்று கூடிற்று.

1844இல் அதே மெதடிஸ்டு மரபின் பெருஞ்சபை நியூயார்க் நகரிற் கூடிற்று. ஜார்ஜியா நாட்டு ஆயர் ஒருவர் அடிமைகளை உடையராயிருந்தமையால், அந்நிலை நீங்கும் வரை ஆயர் பணியைச் செய்யாதிருக்குமாறு அச்சபை கூறிற்று. தென்னாட்டார் அதனைப் பொறாது, அடுத்த ஆண்டே தனிச்சபை கண்டனர். அதே 1845இல் அடிமை உடைமையின் பொருட்டுத் தென்னாட்டுப் பாப்டிஸ்டுகளும் வடவரினின்று பிரிந்தனர். 150 ஆண்டு கழித்து 1995இலேதான் அதற்காக மன்னிப்பு வேண்டினர். கணக்கில் மேலும் கூடிற்று.

அன்பர்களே, எண்ணும் ஏட்டில் ஆலனும் ஒன்று, அடிமை உடையாரும் ஒன்று. ஒருவர் மனிதராய் முழந்தாளிட இடம் வேண்டி வெளியேறினார். மற்றவர் மனிதரை உடைமையாகக் கொள்ளும் உரிமை வேண்டி வெளியேறினார். இவ்விரண்டையும் கூட்டி 'இரண்டு பிளவுகள்' என்று எழுதும் கணக்கு பொய்க்கணக்கன்று. ஆயின் அதனிடம் அறத்தீர்ப்புக் கேட்பது பேதைமை.

இணைப்பின் கதையும் இத்தகையதே. 1939இல் அமெரிக்க மெதடிஸ்டுகளின் வடசபையும் தென்சபையும் மற்றொரு சபையும் கூடி ஒன்றாயின. மூன்று ஒன்றாயிற்று, தொகை குறைந்தது. அவ்விணைப்பிற்குக் கொடுத்த விலை யாது? ஏனைய ஆட்சிப் பிரிவுகள் நிலப்பகுதியால் வகுக்கப்பட, நீக்ரோ மக்களின் சபைகள் மட்டும் நிறத்தால் வகுக்கப்பட்ட தனிப் பிரிவொன்றில் ஒதுக்கப்பட்டன. அவ்வேற்பாடு 1968 வரை நீடித்தது. வெளியே இருந்த பிளவை உள்ளே கொணர்ந்து வைத்துவிட்டு அதற்கு ஒற்றுமை என்று பெயரிட்டனர்.

இதனைப் படிக்கும் தமிழர்க்கு வடக்கன்குளம் நினைவிற்கு வாராதிராது. திருநெல்வேலிச் சீமையின் அவ்வூரில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இரண்டு கூடங்களை உடையது. பீடம் ஒன்று, வேளாளர்க்கு ஒரு கூடம், நாடார்க்கு ஒரு கூடம். கால்சட்டைக் கோவில் என மக்கள் அதனை அழைத்தனர். 1910இல் பிரிக்கும் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர் கோரிய தனியுரிமையை ஏற்கவில்லை. சுவர் நின்ற முப்பத்தெட்டு ஆண்டும் அவ்வாலயம் எந்தக் கணக்கிலும் ஒரே திருச்சபையின் ஒரே ஆலயமே. அங்கே இருந்த பிளவு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஏறாது.

பிறர்க்கு வைக்கும் அளவுகோலை நமக்கும் வைத்தல் நேர்மை. இலங்கையில் 1753இல் தோன்றிய சியாம் நிக்காயம் பின்னர் ஒரு சாதியார்க்கே துறவு நிலை அளித்தது. மறுக்கப்பட்டோர் கடல் கடந்து பர்மாவின் அமரபுரம் சென்று உபசம்பதை பெற்றுத் திரும்பி 1803இல் புதிய நிக்காயம் கண்டனர். புத்த சமயத்தின் பிரிவுகளை எண்ணுவோர் ஒன்றைக் கூட்டிக்கொள்வர். பிரிவினைக் குற்றம் வெளியே சென்றவருடையதோ, கதவை அடைத்தவருடையதோ? ஆலனுக்கு நாம் கூறிய விடையே இங்கும் விடை. விநய நூலும் சங்கபேதத்தை ஆராயுமிடத்துத் தலைகளை எண்ணுவதோடு நில்லாது, பிரித்தவன் தான் கூறுவது அதருமமென்று அறிந்தே கூறினானா, தருமமென நம்பிக் கூறினானா என்றும் வினவுகின்றது.

ஆதலால் ஒரு சமயத்தின் பிரிவுகளைப் பற்றிப் பேசப் புகுவோர் முதற்கண் தாம் எதனை எண்ணுகின்றோம் என்பதை வெளிப்படக் கூறுதல் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனி எடுத்து, யாரை வெளியேற்ற அது நிகழ்ந்தது, அல்லது யாருடைய வெளியேற்றத்தால் நிகழ்ந்தது என்று கேட்டல் வேண்டும். இணைப்பைக் கண்டவிடத்து, அதன் உள்ளே சுவர் உண்டோ என்று பார்த்தல் வேண்டும். இது உழைப்பு மிகுந்த வழி. ஒரு பெரிய எண்ணைக் கூறிக் கைதட்டுப் பெறுதல் எளிது. ஆயினும் சுவர்களுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரின் வழிவந்த நாம், சுவரை எண்ணாத கணக்கைக் கொண்டு எவரையும் பழித்தல் தகாது. எவரையும் போற்றுதலும் தகாது.