காகத்துக்கு வைத்த சாதம்

புரட்டாசி மாதத்து மஹாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு, கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காளிகளின் வானொலிப் பெட்டிகளெல்லாம் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் கம்பீரமான குரலில் தேவி மகிமையை ஒலிக்கத் தொடங்கும்போது, எங்கள் வீட்டில் பெரியம்மா ஸ்நானம் செய்து மடி கட்டிக்கொண்டு வாழைக்காயைத் தோல் சீவிக்கொண்டிருப்பாள். கிளைவ் தெருக் கம்பெனிகளில் சுருக்கெழுத்தும் கணக்கும் எழுத வந்த தஞ்சாவூர்க்காரர்களும் பாலக்காட்டுக்காரர்களும் குடியேறிய பேட்டையாதலால், புடலங்காய்க்கோ நுனி இலைக்கோ அங்கே பஞ்சமில்லை; முதல் நாள் மாலையே மார்க்கெட்டுக்குப் போய், தன்னை 'மாஷிமா' என்றழைக்கும் காய்க்காரனோடு அரை வங்காளியிலும் அரைத் தமிழிலுமாகப் பேரம் பேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்திருப்பாள். தமிழருக்கும் வங்காளிக்கும் பித்ருக்கள் வேறு வேறானாலும், அவர்களை நினைக்கும் அமாவாசை மட்டும் ஒன்றே.

பெரியப்பா தர்ப்பணம் முடித்தவுடன், சாதத்தில் பருப்பும் நெய்யும் ஒரு சிட்டிகை எள்ளும் சேர்த்துப் பிசைந்து, பின்கட்டு வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் உருண்டையாக வைத்துவிட்டுப் பெரியம்மா "கா, கா" என்று கூப்பிடுவாள். கல்லூரியில் தத்துவம் படித்த கர்வத்தில் ஒரு வருஷம் நான் கேட்டேன்: "தாத்தா அவர் கர்மத்துக்குத் தக்கபடி வேறு ஜன்மம் எடுத்திருப்பார்னு நீயேதானே சொல்றே பெரியம்மா, அப்ப இந்தச் சாதம் யாருக்கு?" அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கே பொறந்திருந்தா என்னடா, அவருக்குப் பசிக்காதா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வைதிகர்கள் வைத்திருக்கும் விடை உண்மையில் சாமர்த்தியமானது. வசு, ருத்ர, ஆதித்யர் என்னும் தேவதைகள் நாம் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு, நம் முன்னோர் எந்தப் பிறவியில் இருந்தாலும் அந்தப் பிறவிக்கேற்ற ஆகாரமாக மாற்றி, பசுவாய்ப் பிறந்தவருக்குப் புல்லாகவும் தேவராய்ப் போனவருக்கு அமிருதமாகவும் சேர்ப்பிக்கிறார்கள் என்பார்கள். இங்கே கட்டிய நோட்டே அங்கே போய்ச் சேராவிட்டாலும் தொகை குறையாமல் சேர்ந்துவிடுகிற மணியார்டரைச் சாஸ்திரிகள் இதற்கு உவமையாகச் சொல்வதுண்டு. ஆனால் மணியார்டருக்கு விலாசம் வேண்டும். மோக்ஷம் அடைந்துவிட்டவனுக்கு விலாசம் ஏது என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது, இன்னும் தீரவில்லை.

பித்ருலோகம் என்ற பழைய வைதிக நம்பிக்கையும் மறுபிறப்பு என்ற உபநிஷத்துக் கொள்கையும் எங்கே சந்திக்கின்றன என்று தேடிப் போனால், சாந்தோக்கியத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் பாஞ்சால ராஜனாகிய பிரவாஹண ஜைவலியின் சபைக்கு வந்து நிற்போம். படித்துவிட்டோம் என்ற மிதப்போடு வந்த சுவேதகேதுவை அவன் ஐந்து கேள்விகள் கேட்கிறான்; இத்தனை பேர் இறந்தும் அந்த லோகம் ஏன் நிரம்பிவிடவில்லை என்பது அவற்றுள் ஒன்று. மகனுக்கு ஒன்றுக்கும் விடை தெரியாமற்போகவே, தந்தை கௌதமரே அரசனிடம் சிஷ்யராக வந்து கேட்டுக்கொண்ட உபதேசத்தில்தான் தேவயானம், பித்ருயானம் என்ற இரண்டு வழிகளும் சொல்லப்படுகின்றன. பித்ருக்களின் வழியே போனவர்கள் சந்திரனை அடைந்து, புண்ணியம் தீர்ந்தபின் ஆகாயமாய், காற்றாய், புகையாய், மேகமாய், மழையாய்த் திரும்பி, நெல்லாகவும் யவமாகவும் எள்ளாகவும் உளுந்தாகவும் பூமியில் முளைக்கிறார்கள் என்கிறது அந்த நூல். தர்ப்பணத்துக்கு எள்ளும் பிண்டத்துக்கு அரிசியும் விதித்தவர்கள் இதை மனத்தில் வைத்து விதித்தார்களோ இல்லையோ, அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த உருண்டையைச் சாதாரணச் சாதமாகப் பார்க்க முடிந்ததில்லை.

பிருகதாரணியகத்தில் இன்னொரு காட்சி. மனிதன் இறந்து அவன் உறுப்புகளெல்லாம் இயற்கையில் கலந்தபின் அவன் எங்கே இருக்கிறான் என்று ஆர்த்தபாகர் கேட்க, யாக்ஞவல்கியர் சபையில் பதில் சொல்லாமல், அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போகிறார். இருவரும் தனியே பேசிய விஷயம் கர்மம் என்று மட்டும் நமக்குத் தெரிவிக்கப்படுகிறது. அத்தனை கூச்சத்தோடு பேசப்பட்ட வார்த்தையைத்தான் பிற்காலத்தில் நாம் தெருவில் இறைத்துவிட்டோம்.

அதற்காகச் சாஸ்திரகாரர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல ஜன்மங்களில் சேர்ந்து கிடக்கும் மூட்டை சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிப்பதற்கென்று பிரித்தெடுத்த பங்கு பிராரப்தம், இப்போது புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம் என்று அவர்கள் கணக்கை நுணுக்கமாகவே வகுத்திருக்கிறார்கள். ஞானம் வந்தால் மற்ற இரண்டும் தொலைந்தாலும், வில்லை விட்ட அம்பு போலப் பிராரப்தம் மட்டும் ஓடித்தான் ஓயும் என்பார்கள். கர்மம் ஜடமாதலால் தானாகப் பலன் கொடுக்காது, கொடுப்பவன் ஈசனே என்று அதன்மேல் ஒரு கருணையையும் ஏற்றி வைத்தது சைவ சித்தாந்தம். ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருவள்ளுவர், சோராமல் உழைப்பவன் அந்த ஊழையே புறங்காண்பான் என்று சொல்வதற்கு ஆள்வினையுடைமை என்று வேறோர் அதிகாரம் வைத்தார். இவ்வளவும் தன் வாழ்வைத் தானே பார்த்துக்கொள்கிறவனுக்காகச் சொன்னவை. 1943ஆம் வருஷத்துப் பஞ்சத்தில், சோறு கேட்கவும் துணிவில்லாமல், வடித்த கஞ்சித் தண்ணீரையாவது ஊற்றுங்கள் என்று இந்தக் கல்கத்தா வீதிகளில் வாசல் வாசலாக யாசித்து விழுந்து இறந்த கிராமத்து ஜனங்களைப் பார்த்து, அவரவர் கர்மம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர்களும் இருந்திருப்பார்கள். கர்மம் ஈசனுடைய கணக்கு என்றால், அடுத்த வீட்டுக்காரன் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது?

மோக்ஷ விஷயத்தில் தமிழ் பக்தர்களின் பாடல்களை மேலோட்டமாகப் படிப்பவனுக்கு, இனிப் பிறவி வேண்டாம் என்ற ஒரே முறையீடுதான் காதில் விழும். கூர்ந்து கேட்டால் சுருதி மாறுகிறது. காரைக்காலம்மையார் பிறவாமையை வேண்டிய கையோடு, ஒருவேளை பிறந்தாலும் இறைவனை மறவாமை வேண்டும் என்று மாற்று விண்ணப்பம் ஒன்றையும் போட்டு வைத்தார். குலசேகராழ்வாரோ ஒரு படி மேலே போய், ராஜபோகத்தை உதறிவிட்டு, திருவேங்கட மலையில் குருகாகவோ, சுனையில் மீனாகவோ, செண்பக மரமாகவோ, கடைசியில் சந்நிதி வாசற்படியாகவோ கிடக்க வேண்டுமென்று பிறவியையே கேட்டு வாங்குகிறார்; அந்த வாசற்படிக்கு இன்றைக்கும் குலசேகரன் படி என்றே பெயர். அவர் கேட்ட பிறவிகளில் ராஜா இல்லை, பெரும்பாலும் மனிதன்கூட இல்லை. விடுதலையில் கழல வேண்டிய 'நான்' முன்பே கழன்றுவிட்ட இடத்தில், பிறவியும் மோக்ஷமும் அத்தனை தூரத்தில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

லேக் மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தேசப்பிரிய பூங்காவை ஒட்டிய ராஷ்பிஹாரி அவென்யூவில், 1954 அக்டோபர் 14ஆம் தேதி மாலை கவி ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் காலமானார். பாரிசாலில் பிறந்தவர், தேசப் பிரிவினைக்குப்பின் அந்த ஊர் வேறு ராஜ்யத்துக்குப் போய்விட்டது. அவர் மறைந்து மூன்று வருஷம் கழித்து 1957இல் வெளிவந்த 'ரூபசி பாங்லா'வில், தன் ஊர் ஆறாகிய தான்சிரியின் கரைக்கு மீண்டும் வருவேன், மனிதனாகவே வருவேனென்பதில்லை, பருந்தாகவோ மைனாவாகவோ விடியற்காலைக் காகமாகவோ வரலாம் என்ற கருத்தில் ஒரு பாடல் இருக்கிறது. ஆழ்வாரை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. வேங்கடத்தானின் இடத்தில் இவருக்கு ஓர் ஆறும் அதன் வயல்களும் இருந்தன. வேதாந்திகள் இதைப் பற்று என்று தள்ளிவிடுவார்கள், நானும் வாதாடப் போவதில்லை.

ஒரு கார்த்திகை மாதத்து மாலையில் இந்தக் கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். மோர் கடைந்துகொண்டே கேட்டவள், "குழந்தைகள் உண்டா? ஒழுங்கா திவசம் பண்றாளா?" என்று விசாரித்தாள். தெரியாது என்றேன். தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தந்தையும் பந்துவும் இல்லாதவர்களுக்கென்று தர்ப்பையை அவிழ்த்துப் பெரியப்பா தண்ணீர் விடுகிற வழக்கத்தை அவள் ஞாபகப்படுத்தினாள். அதில் எல்லாரும் அடக்கம் என்றாள்.

மறுநாள் காலை நான் பல் தேய்க்கப் பின்கட்டுக்குப் போனபோது, கைப்பிடிச் சுவரில் அன்றாடம் வைக்கும் உருண்டைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. காகம் முதலில் எதைத் தொட்டது என்று நான் பார்க்கவில்லை. பெரியம்மா சமையலுக்கு அரிசி களையப் போய்விட்டாள்.