தெரியாதவருக்காக எழுதுவது

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிறந்தநாள் விருந்து என்றால், பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறான் என்று யாராவது சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக வந்து நிற்கும்: “என்ன லாங்குவேஜ் சொல்லித் தருகிறார்கள்?” ஜாவாவா பைத்தானா என்று தெரிந்துகொண்டால் போதும், அவன் ஜாதகத்தையே கணித்துவிடலாம் என்று பெரியவர்களாகிய நாம் நம்புகிறோம். கம்ப்யூட்டர் சென்டர் பலகைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பழக்கம் அது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி, தகவல் அறிவியலில் இளங்கலை படிக்கிறான். சில்வியா பார்க்கில் ரயிலேறி நகருக்குப் போய்வருவான். நியூசிலாந்தின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் அரசுடையவை. அவன் படிப்பது 1895இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கி, 2000இல் பல்கலைக்கழகமானது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 360 புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது இந்நாட்டுக் கணக்கு. ஆக 3,600 மணி நேரம். அதில் பெரும்பகுதி புரோகிராம் எழுதுவதிலேயே போகும் என்று நினைத்துத்தான் அவன் சேர்ந்தான். “அப்பிடி இல்லை மாமா. மற்றாக்கள் எழுதினதை வாசிக்கிறதுதான் கூட. போன வருசம் நான் எழுதினதே இப்ப எனக்கு விளங்குதில்லை” என்றான்.

இந்த வாசிப்பு வேலைக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் கோபோல் என்ற பழைய கணினி மொழியைக் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்த இளைஞர்களில் பலர் அங்கே புதிதாக ஒன்றையும் படைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி வைத்த நிரல்களை வரிவரியாக வாசித்து, ஆண்டு எங்கே இரண்டு இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினார்கள். அன்று நிரலையும் தரவையும் பதித்த துளையட்டை ஒன்றில் 80 எழுத்துகள்தான் அடங்கும். நினைவகமும் விலை உயர்ந்தது. அதனால் 1967ஐ 67 என்று எழுதியது அன்றைக்குச் சிக்கனம். அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். முன்னால் இருக்கும் 19 எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தார்கள். 2000 நெருங்கியபோதுதான், இயந்திரத்துக்கு அது தெரியாது என்பது உறைத்தது.

எல்லாருக்கும் தெரியும் என்று எழுதாமல் விட்டதற்கு, நியூசிலாந்தில் இதைவிட மூத்த ஒரு சாட்சி இருக்கிறது. 1834இல் இங்கே வந்த வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ ஊழியர், 1836 வாக்கில் வடக்கே வங்காரேய் வட்டாரத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று சொன்னார்களாம். அது உடைந்துபோன மணியின் மேற்பகுதி. கொலென்சோ தொழிலால் அச்சுக்காரர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அந்தக் கண்ணுக்கு விளிம்பிலிருந்த கீறல்கள் எழுத்துகள் என்று பட்டன. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். எழுத்து என்று தெரிந்ததே தவிர, என்ன எழுத்து என்பது அவருக்கும் தெரியவில்லை. தமிழறிந்தவர் வாசித்த பிறகுதான், முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று புரிந்தது. இன்று அது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

மணியில் ஆண்டு இல்லை. துறைமுகத்தின் பெயரும் இல்லை. வார்த்தவரிடம் கேட்டிருந்தால், எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியுமே, அதை எதற்கு எழுதவேண்டும் என்றிருப்பார். அவர் கற்பனை செய்த வாசகர் அதே கப்பல்துறையில் நின்றவர். கிடைத்ததோ கடல் கடந்த காட்டில், வேறு மொழி பேசியவர்கள். அந்தக் கப்பல் இங்கே எப்படி வந்தது, வந்ததா என்பதே இன்றுவரை ஊகமாக நிற்கிறது.

கோபோல் எழுதியவரும் மணி வார்த்தவரும் செய்தது ஒரே காரியம்: தமக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்தது எதுவுமே தெரியாத ஒருவர் பின்னால் வருவார். அவரை மனத்தில் வைத்து எழுதும்போதுதான் குறிப்பு தகவலாகிறது. 3,600 மணி நேரத்தில் கற்க வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஜாவா போய் வேறொன்று வரும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் இதே நகரில்தான் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் மாவோரி வழிவந்த ராஸ் இஹாக்காவும் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஜென்டில்மனும் ஒரு சிறு கணினி மொழியை எழுதத் தொடங்கினார்கள். பெல் ஆய்வகத்தின் எஸ் மொழி ஏற்கெனவே இருந்தது; ஆனால் மாணவர்களின் மெக்கின்டோஷ் கணினிக்கூடத்துக்குத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை. இப்படித்தான் ஆர் வந்தது. 1995இல், சூரிச்சிலிருந்த மார்ட்டின் மெய்க்லர் என்பவர் வற்புறுத்தியதால், மூலநிரலோடு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். 1997இல் அதைப் பேணப் பல நாட்டவர் கொண்ட குழு அமைந்தது. 1.0 பதிப்பு வெளியான நாள் 2000 பிப்ரவரி 29. அந்த ஆண்டு லீப் ஆண்டா இல்லையா என்று கணினி உலகம் தடுமாறிக்கொண்டிருந்த வேளையில் அந்தத் தேதியைப் போட்டது குறும்பு என்றே நினைக்கிறேன்.

பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள் பொதுவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று இதைப் பாராட்டலாம். நான் இன்னும் ஒரு படி போவேன். ஆரின் முதல் வாசகர்களில் ஒன்றும் தெரியாத மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் புரியவைக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது, ஊர் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கும் புரிந்தது. இன்று மருத்துவ ஆய்வுகளிலிருந்து தேர்தல் கணிப்புகள்வரை அது ஓடுகிறது.

நம் பையனுக்கு இப்போது கடைசி ஆண்டு. வெளியே ஒரு நிறுவனத்துக்காகக் குழுவாகச் செய்த திட்டப்பணியை ஒப்படைக்கவேண்டும். கூடவே, மாணவர் குழு விலகிப் போன பிறகு அதை யார் எப்படி நடத்துவது என்று குறிப்பும் எழுதவேண்டும். குறிப்பை அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறான். அவர் மூன்றாவது வரியில் நின்று, “இதில சேர்வர் எண்டிறது எது, உன்ர கம்ப்யூட்டரோ அவையின்ரயோ?” என்று கேட்டாராம். அது எல்லாருக்கும் தெரியுமே அம்மா என்று சலித்துக்கொண்டவன், அன்றிரவு அந்த ஒரு வரியை ஐந்து வரியாக எழுதினான்.