களைந்த பூ யாருக்கு உரியது?

இறைவனுக்குச் சாத்திக் களைந்த மாலை, அருச்சித்த வில்வம், படைத்து எடுத்த அமுது ஆகியவற்றுக்கு நிர்மாலியம் என்று பெயர். பூசைக்கு முன் அது தோட்டத்துப் பூ. பூசையில் தெய்வத்தின் உடைமை. களைந்த பிறகு அதன் நிலை என்ன? காலில் மிதிபடக் கூடாது, தெருக்குப்பையோடு சேரக் கூடாது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை அரைத்து ஊதுபத்தியாக்கலாமா, தெர்மாகோலுக்கு மாற்றான அட்டையாக்கிக் கண்ணாடிக் குப்பிகளைப் பொதிந்து அனுப்பலாமா என்பது புதிய கேள்வி. அதற்கு விடை தேடப் பழைய வழக்கங்களில் நிறையவே இடமிருக்கிறது.

சைவத்தில் நிர்மாலியம் கேட்பாரற்ற பொருள் அன்று. அதற்கு உரியவர் சண்டேசுவரர். கருவறையின் வடபுறம், அபிடேக நீர் விழும் கோமுகியை ஒட்டித் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பவர் அவர். சேய்ஞலூர் விசாரசருமர் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டியதையும், பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டியதையும் பெரியபுராணம் சொல்கிறது. சிவன் உண்டதில் மிச்சமும் உடுத்ததும் சூடியதும் இனி அவருக்கே என்ற பதவி அப்போது கிடைத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில், கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் சிவன் தன் கையாலேயே மாலையைச் சுற்றிவிடும் சிற்பம் இந்த உரிமைமாற்றத்தைத்தான் காட்டுகிறது. சோழர் காலத்தில் கோயில் நிலம் வாங்குவதும் விற்பதும்கூட அவர் பெயரால் நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டும். அவர் சன்னிதியில் அடியார் கைகளைத் தட்டுவது, கோயில் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டத்தான் என்பது பரவலான விளக்கம். பிற்காலத்தில் அவரைக் காது கேளாதவர் ஆக்கிவிட்டது வேறு கதை.

வைணவத்தில் நிலைமை வேறு. பெருமாளுக்குச் சாத்திய மாலையும் துளசியும் அடியாருக்குப் பிரசாதம். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்கே போகிறது. ஆனால் அதே திருமலையில் மூலவருக்குச் சாத்திய பூவைப் பக்தருக்குத் தராமல் கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் இடுவதே பழைய வழக்கம். பூரி ஜகந்நாதர் கோயிலில் மகாபிரசாதச் சோற்றை வெயிலில் உலர்த்தி, நிர்மால்யம் என்ற பெயரிலேயே யாத்திரிகர் ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள்; இறக்கும் தறுவாயில் வாயிலிட வீட்டில் வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் தொடக் கூடாதது இன்னோரிடத்தில் பெரும்பேறு. ஆகவே நிர்மாலியத்தின் நிலை பூவில் இல்லை. அதை யாருக்கு உரியதாக்கினார்கள் என்ற செயலில் இருக்கிறது.

ஆற்றிலும் கிணற்றிலும் மரத்தடியிலும் இடுவது, பூவோடு வாழைநாரும் இலையும் மட்டும் போன காலத்தில் பொருந்தியது. இன்று மாலையில் நைலான் நூல், ஜரிகைத்தாள், தெர்மாகோல் உருண்டை, கட்டிவந்த பாலித்தீன் பை எல்லாம் சேர்ந்தே போகின்றன. பூவிலேயே பூச்சிக்கொல்லி ஒட்டியிருக்கிறது. கங்கைக் கரையில் இது கண்கூடு. கான்பூரில் தோன்றிய ஃபூல் என்ற நிறுவனம் கோயில் பூக்களைச் சேகரித்துக் கரி சேர்க்காத ஊதுபத்தி செய்யத் தொடங்கியது. பயன்படாமல் கிடந்த பூக்குவியலில் பூஞ்சை தோல்போல் படர்ந்ததைக் கவனித்து, தோலுக்கு மாற்றான ‘ஃப்ளெதர்’ என்ற பொருளையும் உருவாக்கியது.

பூஞ்சையால் பேக்கிங் செய்யும் முறை அதற்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய எகோவேட்டிவ் நிறுவனம் வேளாண் கழிவைக் கொண்டு இதைச் செய்தது. நறுக்கிய தட்டையை ஆவியில் வேகவைத்து வேண்டாத நுண்ணுயிர்களை அகற்றி, பூஞ்சை விதைத்து, அச்சில் அடைத்துவிடுவார்கள். சில நாளில் வெள்ளை இழைகள் துண்டுகளுக்கிடையே ஊடுருவி எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிவிடும். பசை தேவையில்லை. பிறகு சூட்டில் உலர்த்தினால் பூஞ்சை செத்து, கெட்டியான, எடை குறைந்த அட்டை மிஞ்சும். உடைத்து ஈரமண்ணில் போட்டால் மக்கிவிடும்.

தட்டைக்குப் பதிலாக நிர்மாலியப் பூவை இப்படி அட்டையாக்குவது முறையா என்பதற்கு மண் பிள்ளையார் வழிகாட்டுவார். ஆவாகனம் செய்யும்வரை அது களிமண். பூசை முடிந்து விசர்சனம் செய்து நீரில் கரைத்தபின் மீண்டும் களிமண். மஞ்சள் பிள்ளையாரும் அப்படித்தான். உருவம் கரைந்ததும் கடமை முடிகிறது. திருநீறோ எதிர்த்திசை: சாணம் நெருப்பில் உருவிழந்து நெற்றிக்கு ஏறுகிறது. இரண்டிலும் பொருளின் பழைய நிலை உருவத்தோடு போய்விடுகிறது. இந்த அளவுகோலில் ஊதுபத்திக்குத் தடையில்லை; எரிந்து சாம்பலாகிறது. பேக்கிங் அட்டைதான் சிக்கல். பூ உருவிழந்தது உண்மை. ஆனால் அட்டை குப்பைத்தொட்டிக்குப் போகும், மிதிபடும். அது மண்ணாகும் என்பது உறுதியானால் மட்டுமே அதை விசர்சனத்தின் நீட்சியாகக் கொள்ள முடியும்.

அந்த உறுதி எல்லா ‘மட்கும்’ பொருளுக்கும் கிடையாது. சோள மாவுச்சத்திலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலப் பை தொழிற்கூட உரக்கிடங்கின் 58 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில்தான் விரைந்து சிதையும். ஆற்றில் போட்டால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். ஐரோப்பாவின் இஎன் 13432 தரவிதி கேட்பது, அத்தகைய சூழலில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பதே. போட்ட இடத்திலேயே கரைய வேண்டும் என்ற பிள்ளையார் விதி இதைவிடக் கடுமையானது. அதில் பாக்குமட்டைத் தட்டு தேறும். பாலிலாக்டிக் பை தேறாது.

மட்குவதாலேயே ஒரு பொருள் புனிதமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை உண்டு எறியும் இலையின் பின்னால் எச்சில், தீட்டு என்ற எண்ணமும் இருந்தது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டையில் டீ ஊற்றியது சுற்றுச்சூழல் அக்கறையால் அல்ல. எச்சில் இலையை எடுக்கும் வேலையும் சாதிப்படியே பங்கிடப்பட்டது. கான்பூர் நிறுவனம், கையால் மலம் அள்ளும் வேலையில் இருந்த பெண்களைப் பூப்பிரிக்கும் வேலையில் அமர்த்தியதாகச் சொல்கிறது. கோயிலுக்குள் யார் நுழையலாம் என்று கணக்குப் பார்த்த சமூகத்தில், தெய்வம் சூடிய பூ இப்போது அந்தக் கைகளுக்குத்தான் முதலில் வருகிறது. ஆகமவாதிகள் இதைத் தோஷம் என்பதானால், அதே பூ ஆற்றுச் சகதியில் கிடந்ததற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மிஞ்சுவது பணம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் கோயில் பூக்களில் செய்த ஊதுபத்தியை 2021 முதல் விற்கிறது. அங்கே வருவாய் கோயிலுக்கே வருகிறது. பல கோயில்கள் பூவைக் கழிவென்று வண்டிக்காரரிடம் சும்மா கொடுத்துவிடுகின்றன. சைவ முறைப்படி அந்தப் பூவும், அதை விற்று வரும் காசும் சண்டேசருடையவை. நிர்வாகம் அதை வெளியாருக்குக் கொடுக்கலாம். ஆனால் நிலத்துக்கு எழுதியதுபோல இதற்கும் அவர் பெயரில் ஒரு கணக்கு இருக்க வேண்டும், பூவைப் பிரிக்கும் பெண்களின் கூலியும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.