திறந்து காட்டு என்று யாரைக் கேட்டோம்?

எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்களுக்கு அர்ச்சகர் ஒன்று செய்வார். பெருமாளின் நெற்றித் திருநாமத்தைச் சற்றே விலக்கி, தீபத்தைத் தூக்கிப் பிடித்து, மூன்றாவது கண்ணைக் காட்டுவார். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். சின்ன வயதில் பாட்டி இடுப்பில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்தச் செய்கை மறக்கவில்லை. வந்தவனுக்கு விலக்கிக் காட்டுகிறார்கள்.

அந்த அளவுகூடக் காட்டாத ஒன்றைத் தினமும் நம்புகிறோம். விண்டோஸின் மூல நிரலை நாம் பார்க்க முடியாது. நம் தகவலில் எதை எங்கே அனுப்புகிறது என்று நிரலைப் பிரித்துச் சோதிக்க வழியில்லை. நீண்ட ஒப்பந்தத்தைப் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோம். சாமியாரிடம் ஆதாரம் கேட்கிற என் தோழர்களும் அப்படித்தான் அழுத்துகிறார்கள். அதிலும் பலரிடம் இருப்பது திருட்டு நகல். முகம் தெரியாத எவரோ பூட்டை உடைத்துக் கொடுத்த நகலில் வங்கிக் கணக்கைத் திறக்கிறவர், தாயத்து கட்டியவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

காசு கட்டினால் மட்டும் உரிமை வந்துவிடுமா? 2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்குச் சேவையை நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது ஐரோப்பிய ஒன்றியம். நம் அரசு அல்ல. சந்தா கட்டிய நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றப் படியேறிய பிறகே சேவை திரும்பியது. ஒரு பெரிய ஆலைக்கே இந்தக் கதி என்றால், தாலுகா ஆபீஸ் எந்த மூலைக்கு?

போன மாதம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஒரு பெண் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்திருந்தது. "விண்டோஸ் டென்னுக்கு இனிமே அப்டேட் வராதாம், லெவன் இதுல ஏறாதுன்றாங்க" என்றார். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். "புதுசு வாங்கிக்கம்மா" என்றார் கடைக்காரர். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. அதைக் குப்பை என்று தீர்ப்பு எழுதியது யார்?

2011 செப்டம்பர் 15-இல் அந்த அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் உள்ளே இருந்தது. மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடுகிற டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் ஆய்வு மையம் சென்னையில் உருவாக்கியது அது. பிள்ளைகளுக்கு அதைத் திறந்து காட்டியவர் எத்தனை பேர்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. நாம் இரண்டையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் பழக்கினோம்.

கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவதில் சிரமம் இல்லையென்று சொல்ல மாட்டேன். பிரிண்டர் சில சமயம் மக்கர் பண்ணும். டிடிபி கடைக்காரருக்கு பேஜ்மேக்கர் இல்லாமல் கை ஓடாது. வானவில், பாமினி என்று அவரவர் குறிமுறையில் அடித்துக் குவித்ததை யுனிகோடுக்கு மாற்றுவது பெரிய வேலை. ஆனால் அந்த வேலையே, பூட்டிய வீட்டில் நாம் எத்தனை காலம் குடியிருந்தோம் என்பதற்குச் சாட்சி.

பெரியார் 1935-இல் குடி அரசில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தாமே நடைமுறைப்படுத்தினார். துதிக்கை போலச் சுழிந்த பழைய லை, னை போனது அப்படித்தான். அரசு ஏற்றது 1978-இல். அச்சுக்கூடமும் எழுத்தும் தன் கையில் இருந்ததால் எவரிடமும் அனுமதி கேட்காமல் மாற்ற முடிந்தது. அவர் பெயரைச் சொல்கிற இயக்கத் தோழர்களின் அலுவலகங்களில் இன்று ஓர் எழுத்துருவை மாற்றக்கூட எவரோ உரிமம் தரவேண்டியிருக்கிறது. எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் பார்த்த அந்தப் பெண்ணை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, பென் டிரைவிலிருந்து டெபியன் ஏற்றிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தமிழில் பட்டியல்கள் வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணா, இங்க ஒற்று விட்டுப்போயிருக்கே. யாருகிட்ட சொல்லணும்?"

மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுதும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரி தட்டிவிட்டு, செங்கல்பட்டு வண்டிக்கு நேரமாகிறதென்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.