கழித்த வலையும் கைக்கடிகாரமும்

தீங்கு செய்யும் பொருளிலிருந்து நன்மை தரும் பொருளொன்றை ஆக்கிவிட்டால், முன்னைய தீங்கு தீர்ந்துவிடுமா? இது அறநெறி பற்றிச் சிந்திப்போர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா. திருடிய பணத்தில் ஒருவன் ஊருக்குக் கிணறு வெட்டினால் அவனுக்கு நன்மை உண்டா என்று திண்ணைகளில் அமர்ந்து பெரியவர்கள் வாதிடுவதும் இதைப் பற்றியதே. அந்தப் பழைய வினாவை இன்று ஒரு கைக்கடிகாரம் புதிய வடிவில் நம்முன் வைக்கிறது.

மீனவர் கழித்துவிட்ட நைலான் வலைகளை உருக்கி, கார்பன் இழைகளோடு கலந்து, நீரில் மூழ்குவோர் அணியும் கடிகாரத்திற்கு உறுப்புகள் செய்கிறார்கள் சுவிட்சர்லாந்து நாட்டுக் கடிகாரக் கலைஞர்கள். கடலைக் கெடுக்கும் பொருளே கடலுக்குள் இறங்குபவனுக்குத் துணையாகிறது. கேட்பதற்கு இனிய செய்திதான். இனிய செய்திகளையும் சற்று நிறுத்துப் பார்ப்பது அறிவுடைமை.

முதலில், இக்கடிகாரம் எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்ப்போம். நீரடியில் மனிதனுக்கு உரிய காலம் அளவிடப்பட்டது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் துணையால் ஆழத்திற்கு இறங்கினார்கள். அவர்களுடைய கயிற்றைத் தோணியில் இருந்த மற்றொருவர் பிடித்திருந்தார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். அவருக்கு மூச்சே கடிகாரம். கயிறு பிடித்த கையே காப்பு. பின்னாளில் காற்றை உருளையில் அடைத்து முதுகில் சுமந்து இறங்கும் முறை வந்தபோது, மூச்சு நீண்டது, கயிறு அறுந்தது. எஞ்சிய காற்று எவ்வளவு, எத்தனை நிமிடம் கழிந்தது என்பதைத் தனியே நின்று கணக்கிட வேண்டிய நிலை பிறந்தது.

அந்தத் தேவைக்கு விடையாக 1953-ஆம் ஆண்டில் பிளாங்பான் நிறுவனம் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. அந்நிறுவனத்தை அப்போது நடத்திவந்த ழான் ழாக் ஃபீஷ்தர் தாமே நீர்மூழ்கும் பழக்கம் உடையவர். ஒருமுறை நீரடியில் நேரம் போனதறியாமல் காற்று தீர்ந்து, விரைந்து மேலேறி உயிர் தப்பியவர். பிரெஞ்சுக் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களும் அவரிடம் இத்தகைய கருவியையே கேட்டார்கள். முகப்பைச் சுற்றி அமைந்த சுழல் வளையம்தான் அதன் உயிர்நிலை. இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்களை ஒரே பார்வையில் அறியலாம்.

அவ்வளையத்தைப் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய நீர்மூழ்கு கடிகாரங்களில் அது இடப்பக்கமாக ஒரு திசையில் மட்டுமே சுழலும். பாறையில் உராய்ந்து அது தவறித் திரும்பினாலும், கழிந்த நேரம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றுமேயன்றிக் குறைவாகத் தோன்றாது. மூழ்கியவர் நேரத்திற்கு முன்பே மேலேறிவிடுவார், உயிர்க்கேடு இல்லை. தவறு நேர்வதைத் தடுக்க இயலாவிட்டால், அத்தவறு நமக்குப் பாதகமான கணக்காகவே அமையட்டும் என்பது அந்த அமைப்பின் கருத்து. இந்த நுட்பத்திற்கு மீண்டும் வருவோம்.

இனி, பொருளுக்கு வருவோம். கடிகாரத்தின் கூடு எஃகினால் ஆவதே மரபு. பொன்னும், பிற்காலத்தில் டைட்டானியமும் அதனோடு சேர்ந்தன. உலோகமல்லாத கலப்புப் பொருள்களை ஆளும் முயற்சியும் பழையதுதான். டிஸ்ஸாட் நிறுவனம் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்ணாடி இழைக் கூட்டில் 'சிடரல்' என்ற கடிகாரத்தைச் செய்தது. அதே பெயரை 2023-இல் கார்பன் கலப்புக் கூட்டுடன் மீண்டும் கொணர்ந்தது. கலப்புப் பொருளின் தத்துவம் எளிது. இழை இழுவிசையைத் தாங்கும். ஆனால் தனியே உருவம் கொள்ளாது. பிசின் உருவம் கொள்ளும். ஆனால் தனியே விசையைத் தாங்காது. இரண்டும் இணையும்போது எஃகைவிட மிக எளிய எடையில், உப்புநீரில் துருப்பிடிக்காத ஒரு பொருள் கிடைக்கிறது.

1846-இல் தொடங்கப்பட்டு, கப்பல்களுக்குரிய காலமானிகளால் பெயர்பெற்ற யுலிஸ் நார்தான் நிறுவனம் 2020-இல் வலைப் பொருளில் ஒரு மாதிரிக் கடிகாரத்தைக் காட்டியது. பிரான்சின் பிரித்தானிக் கரையில் கழிக்கப்பட்ட வலைகளைத் திரட்டி, உருக்கி, மணிகளாக்கித் தரும் 'ஃபில் அண்ட் ஃபாப்' என்னும் சிறு நிறுவனம் அதற்குத் துணைநின்றது. 2025-இல் வெளிவந்த 'டைவர் ஏர்' என்ற கடிகாரத்தில் அம்முயற்சி மேலும் ஒரு படி சென்றது. வலைப்பொருள் நூற்றுக்கு 60 பங்கும், உலகைச் சுற்றிவரும் பந்தயப் பாய்மரப் படகுகளின் கழிவிலிருந்து மீட்ட கார்பன் இழை 40 பங்கும் சேர்ந்த கலவை அதன் கூட்டின் பக்கங்களில் அமைந்துள்ளது. கூட்டின் நடுப்பகுதி டைட்டானியம். பட்டையோடு சேர்த்து 52 கிராம்தான் எடை. 200 மீட்டர் ஆழத்தைத் தாங்கும்.

வலையை எதற்காக இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நைலான் 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கு முன் பருத்தியிலும் சணலிலும் பின்னிய வலைகள் உப்புநீரில் மக்கிப்போயின. மீனவர்கள் அவற்றை இடைவிடாது உலர்த்தியும் செப்பனிட்டும் காக்க வேண்டியிருந்தது. நைலான் மக்காது. அதுவே அதன் சிறப்பு. கடலில் தவறிய வலைக்கும் அதே குணம் இருப்பதுதான் தீமை. பிடித்தவன் கை விட்ட பிறகும் வலை மீன்பிடிப்பதை நிறுத்துவதில்லை. ஆமையும் மீனும் அதில் சிக்கி வீணே மடிகின்றன. அவற்றை உண்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை. பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் மாபெரும் குப்பைத் திரளை ஆராய்ந்த அறிஞர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 79,000 டன் பிளாஸ்டிக்கில் குறைந்தது நூற்றுக்கு 46 பங்கு மீன்வலைகள். மனிதன் மெச்சிய நற்குணமே அவனது அலட்சியத்தோடு சேரும்போது எவ்வளவு பெரிய கேடாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இப்போது நம் வினாவுக்குத் திரும்பலாம். இக்கடிகாரத்தை ஆதரித்துப் பேசுவோரின் வாதத்தை நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். இழிவென்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு விலை உண்டு என்று காட்டினால்தான் அதைத் திரட்டுவார்கள். திரட்டினால்தான் அது கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் பழைய வலையைக் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடமும் அதற்கொரு மதிப்பும் இருந்தால், அதை நடுக்கடலில் தள்ளிவிடும் எண்ணம் மீனவருக்கு எழாது. பணம் படைத்தோர் விரும்பும் பொருளில் தொடங்கிய வழக்கம், நாளடைவில் எல்லோருடைய பொருள்களுக்கும் பரவியதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. இதை ஏளனம் செய்வது எளிது. ஏளனத்தால் ஒரு வலையும் கரையேறாது.

ஆயினும் மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. 52 கிராம் எடையுள்ள கடிகாரத்தில் வலைப்பொருள் எத்துணை இருக்கக்கூடும்? ஒரு கைப்பிடிக்கும் குறைவு. ஓர் இழுவலையின் எடையோ நூற்றுக்கணக்கான கிலோ. மேலும், 1983 முதல் நீர்மூழ்குவோருக்கென்றே கணிப்பொறிகள் சந்தைக்கு வந்து, ஆழத்தையும் நேரத்தையும் அவையே கணித்துச் சொல்லத் தொடங்கின. ஆதலால் பல்லாயிரம் டாலர் விலையுள்ள இத்தகைய கடிகாரம் பெரும்பாலும் கூட்ட அரங்குகளிலும் விருந்து மேசைகளிலும்தான் மூழ்கி எழுகிறது. உயிர்காக்கும் கருவியாகப் பிறந்தது அணிகலனாகிவிட்டது. அணிகலன் அணிவதில் குற்றமில்லை. அதை அணிந்தவர், 'கடலுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்' என்று எண்ணிக்கொள்வாரானால், அங்கேதான் குற்றம் தொடங்குகிறது.

இவ்விடத்தில் சாட்சி, பரிகாரம் என்னும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சாட்சி நடந்ததைச் சொல்லும். கடன் இன்னும் இருக்கிறது என்பதை நினைவூட்டும். பரிகாரம் கடனைத் தீர்க்கும். சாட்சி சிறியதாக இருக்கலாம். கைப்பிடி அளவு நைலானும் போதும். பரிகாரமோ செய்த தீங்கின் அளவுக்கு ஈடாக இருந்தாக வேண்டும். கழித்த வலையால் ஆன கடிகாரம் ஒரு நல்ல சாட்சி. அதைப் பரிகாரமாகக் கொள்வது, கடன்பட்டவன் கடன்பத்திரத்தையே சட்டம்போட்டு மாட்டிவைத்துக் கடன் தீர்ந்ததென்று மகிழ்வதற்கு ஒப்பாகும். கிணறு வெட்டிய திருடனுக்கும் விடை இதுவே. கிணற்று நீர் இனிக்கலாம், ஊரார் பருகலாம்; பொருளைப் பறிகொடுத்தவரின் உரிமை அந்நீரில் கரைந்துவிடுவதில்லை.

இன்னொரு வினாவும் எஞ்சியிருக்கிறது. இப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள்; எங்கே போகப்போகிறது என்று கேட்போர் சிலரே. எஃகை எத்தனை முறையும் உருக்கி எஃகாக்கலாம். கலப்புப் பொருளின் வலிமை அதன் பிரியாமையில் இருப்பதால், அதைப் பிரிப்பதும் கடினம். எபாக்சிப் பிசினில் இறுகிய கார்பன் இழையை மீட்க அப்பிசினை எரிக்கவோ கரைக்கவோ வேண்டும். அது மீண்டும் உருகாது. நைலானோடு கலந்ததை உருக்கலாம் என்றாலும், மறுபடி மறுபடி உருக்கி வார்க்கும்போது இழைகள் ஒடிந்து குறுகி வலிமை குன்றும். ஆகவே, கழிவிலிருந்து எழுந்த இப்பொருள் மீண்டும் கழிவானால், இம்முறை அதை மீட்பது முன்னிலும் அரிது.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. பிரிக்க இயலாததைச் செய்தவரும் வாங்கியவரும் அதை நெடுங்காலம் காக்கக் கடமைப்பட்டவர்கள். பொறிமுறையால் ஓடும் கடிகாரத்திற்கு இதில் ஒரு தகுதி உண்டு. துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றினால் தந்தையின் கடிகாரம் மகன் கையிலும் பேரன் கையிலும் ஓடும். அவ்வாறு மூன்று தலைமுறை ஓடுமானால் அந்த வலை வீண்போகவில்லை என்று சொல்லலாம். அடுத்த ஆண்டின் புதுமை வந்தவுடன் பெட்டிக்குள் போகுமானால், அது கடலடியில் கிடப்பதற்கும் பெட்டியடியில் கிடப்பதற்கும் வேற்றுமை சிறிதே.

இக்கடிகாரத்தை வாங்கும் நிலையில் நம்மில் பெரும்பாலோர் இல்லை. எனினும் இவ்வினா நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. மறுசுழற்சிப் பொருள் என்று அச்சிட்ட பையை ஒன்றுக்குப் பத்தாக வாங்கி அடுக்குவதும், தேவைக்கு மேல் சமைத்து மிஞ்சியதை ஏழைக்கு அனுப்பிவிட்டு விரயம் நேரவில்லை என்று ஆறுதல் கொள்வதும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கொடுத்தது நன்மைதான், விரயத்தின் கணக்கு அதனால் அழிவதில்லை. இரண்டையும் தனித்தனியே எழுதிவைக்கும் நேர்மை நமக்கு வேண்டும்.

கடிகாரத்தின் சுழல் வளையம் நமக்குக் கற்றுத்தருவதும் இதைத்தான். நம் செயல்களைக் கணக்கிடும்போது பிழை நேராமல் இராது. அப்பிழை நம் கடனைச் சற்று அதிகமாகக் காட்டினால், நாம் தேவைக்குச் சற்று மேலாக நன்மை செய்துவிடுவோம்; அதனால் யாருக்கும் இழப்பில்லை. குறைவாகக் காட்டினாலோ, காற்று தீர்ந்த பிறகுதான் நேரத்தை அறிவோம். கடலும் காலமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றின் கணக்கைப் பார்க்கும் வளையம் எத்திசையில் சுழல வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.